வில்லனைக் கொன்றால் கதை முடிந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான மாயாஜால நாவல்கள் படமாகும்போது ஏன் சொதப்பிவிடுகின்றன என்று சென்ற இதழின் சினிமா பக்கங்களில் எழுதியிருந்தீர்கள். கிராஃபிக்ஸ் போதவில்லை, பணம் போதவில்லை, பெரிய புத்தகத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடைக்க முடியவில்லை என்று காரணங்களை அடுக்கியிருந்தீர்கள். மொரீஷியஸில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். இந்தக் கதைகளை அவர்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கிறார்கள். வகுப்பில் தமிழில் பேசுகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நீங்கள் சொன்ன காரணங்கள் எனக்கு ஒப்பவில்லை.

2007இல் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’ படத்துக்குச் சுமார் 18 கோடி டாலர் செலவானது. கிராஃபிக்ஸுக்காக ஆஸ்கர் விருதே கிடைத்தது. அப்படியும் அடுத்த பாகங்கள் வரவே இல்லை. ஃபிலிப் புல்மன் எழுதிய நாவலின் கடைசி அத்தியாயங்களைப் படத்தில் தூக்கிவிட்டார்கள். லைரா என்ற சிறுமி தன் உயிர் நண்பன் ரோஜரைச் சாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த அத்தியாயங்களில்தான். தெரிந்து செய்யவில்லை, நல்லது செய்வதாக நம்பித்தான் கூட்டிப்போகிறாள். இந்தக் கதைவரிசையின் மூன்றாம் புத்தகத்தில் இறந்தவர்களின் உலகத்துக்கே அவள் இறங்கிப்போவது அவனிடம் மன்னிப்புக் கேட்கத்தான். படமோ இருவரும் ஆகாயக் கப்பலில் சந்தோஷமாகப் பறந்துபோவதோடு முடிகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியமே நடக்காதபோது அந்தச் சிறுமிக்கு அப்புறம் என்ன கதை இருக்கிறது?

2020இல் வந்த ‘ஆர்ட்டெமிஸ் ஃபவுல்’ இன்னும் மோசம். ஓயன் கோல்ஃபரின் நாவலில் 12 வயதுப் பையன் ஒருவன் தங்கத்துக்காக ஒரு தேவதையைக் கடத்துகிறான். அவன் குற்றவாளி, அதில் அவனுக்குப் பெருமையும்கூட. வாசிக்கிற பிள்ளை அவன் பக்கம் நிற்பதா வேண்டாமா என்று தடுமாறும், அதுதான் அந்தப் புத்தகத்தின் ருசி. படத்தில் அவன் அப்பாவைக் காப்பாற்றப் போராடும் பாசமுள்ள மகனாகிவிட்டான்.

என் ஆதங்கம் இதுதான். நல்ல குழந்தை நாவல்களில் இருட்டு அந்தக் குழந்தைக்குள்ளும் இருக்கிறது. படம் எடுப்பவர்கள் அதைப் பிடுங்கி வெளியே ஒரு வில்லன் தலையில் கட்டிவிடுகிறார்கள். வில்லன் செத்தால் எல்லாம் சரியாகிவிடும். பிள்ளைகள் அதற்கு மேல் தாங்க மாட்டார்கள் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்?

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எர்த்ஸீ’ முதல் நாவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தீவுக்காரர்களான எங்களுக்கு அது மிகவும் நெருக்கமான கதை. அந்த உலகமே தீவுக்கூட்டம். கெட் என்ற பையன் ஓஜியன் என்ற மந்திரவாதியிடம் சீடனாகச் சேர்கிறான். மழை கொட்டுகிறது. திருப்பிவிடும் மந்திரம் தெரிந்திருந்தும் ஓஜியன் அதைச் சொல்லாமல் மரத்தடியில் பேசாமல் படுத்துக்கொள்கிறார். கெட்டுக்கு எரிச்சல் தாங்கவில்லை, இவ்வளவு சக்தி இருந்து என்ன பயன் என்று. இந்த இடத்தை வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகளுக்கும் அதே எரிச்சல். 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். “ஓஜியன் இருந்திருந்தால் பெலாலையாவது திருப்பியிருப்பாரா மிஸ்?” என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவள் உடனே, “எங்கே திருப்புவார்? ரெயூனியன் பக்கமா? அங்கே எங்க சித்தி இருக்காங்க” என்றாள். ஓரிடத்து மழையைத் தள்ளிவிட்டால் இன்னோரிடத்தில் வறட்சி வரும் என்று ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் கெட்டுக்குப் பின்னால் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பக்கங்களுக்கு நாங்கள் வந்து சேரும் முன்பே அவளுக்கு அது புரிந்துவிட்டது.

கெட்டுக்குத்தான் புரிய நாளாகிறது. சக மாணவனிடம் வீம்புக்காக இறந்தவளை அழைக்கப்போய், ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவன் முகத்தைக் கிழிக்கிறது. அவனைக் காப்பாற்றிய பள்ளித் தலைவர் உயிரையே விடுகிறார். கடைசியில் கடலின் கோடிக்குப் போய் அந்த நிழலைச் சந்திக்கும்போது, தன் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுகிறான். வாளும் இல்லை, வில்லனும் இல்லை.

இந்தக் கதையை வைத்து எடுத்து, 2004 டிசம்பரில் அமெரிக்காவில் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் நாடு பிடிக்கும் ஒரு ராஜாவையும் போரையும் கொண்டுவந்து நிரப்பினார்கள். அதைவிட என்னைக் கோபப்படுத்துவது இன்னொன்று. நாவலில் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. படையெடுத்து வரும் கார்க் நாட்டவர்தான் வெள்ளையர்கள். தொடரில் கெட்டாக நடித்தவர் வெள்ளையர். லெ குவினே இதைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார். தொடரை உருவாக்கும் வேலையிலிருந்து தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்றும் வருந்தினார். நிறம் குறித்த வரிகளை நான் உரக்க வாசித்துக் காட்டிய பிறகும், கெட்டை வரையச் சொன்னால் சில பிள்ளைகள் வெளிர் ரோஸ் பென்சிலைத்தான் எடுக்கிறார்கள். மந்திரவாதி என்றால் அந்த நிறம்தான் என்று இத்தனை படங்கள் அவர்களுக்குப் பழக்கிவிட்டன. கறுத்த கையால் கறுத்த பிள்ளை அப்படி வரைவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் நிறுவனம் 2006இல் எடுத்த ‘எர்த்ஸீ’ படம் பார்க்க அழகு. அதன் இயக்குநர் கோரோ மியாசாகியிடம், இது என் புத்தகம் அல்ல, உங்கள் படம், நல்ல படம் என்று லெ குவின் மரியாதையாகச் சொன்னார். ஆனால், தீமையை ஒரு வில்லனிடம் ஒப்படைத்து அவனைக் கொன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதைப் பின்னர் தெளிவாகவே குறை சொன்னார்.

கதையை மாற்றவே கூடாது என்பதல்ல என் வாதம். அதே ஜிப்லியில் ஹயாவோ மியாசாகி, டயானா வின் ஜோன்ஸின் ‘ஹவுல்’ நாவலை 2004இல் ஏகப்பட்ட மாற்றங்களோடு எடுத்தார். நாவலில் பின்னணியில் இருந்த போர் படம் முழுக்க வருகிறது. ஆனாலும் சாபத்தால் கிழவியாகிவிட்ட சோஃபி என்ற இளம்பெண் கிழவியாகவே இருப்பதில் சாபத்தின் பங்கு பாதி, அவளுடைய மனத்தின் பங்கு பாதி என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நாவலாசிரியருக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது.

லைராவின் கதை 2019இல் மறுபடியும் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது ரோஜரின் சாவை மறைக்காமல் காட்டினார்கள். அந்தத் தொடர் மூன்று பருவங்கள் ஓடி, கதையை முழுமையாகச் சொல்லி முடித்தது. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய படங்களுக்கு விமர்சனம் போடும்போது, புத்தகத்தில் அந்தப் பிள்ளை செய்த தப்பு என்ன, படத்தில் அது இருக்கிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மூல நூலை வாசிக்காதவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்