திருவிருந்து 'வெறும் நினைவுச் சடங்கு' அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய வியாழனையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், திருவிருந்து வழிபாட்டில் அப்பமும் திராட்சரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுவதாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர் என்றும், சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையார் அனைவருக்கும் அது வெறும் நினைவுச் சடங்கே என்றும் எழுதப்பட்டிருந்தது. முற்பகுதி சரி; 1551-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் உறுதிசெய்த போதனை அதுவே. பிற்பகுதியோ, லுத்தரன் சபையில் வளர்ந்த எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

1529 அக்டோபரில், ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டை ஆண்ட பிலிப்பு, எங்கள் மரபின் முன்னோடியான சீர்திருத்தவாதி லுத்தரையும் சூரிச் நகரச் சீர்திருத்தவாதி சுவிங்லியையும் மார்பர்க் கோட்டைக்கு வரவழைத்துப் பேசவைத்தார். பதினைந்து கூறுகளில் பதினான்கில் உடன்பட்ட அவர்கள், கிறிஸ்துவின் மெய்யான சரீரம் அப்பத்தில் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியில் பிரிந்தனர். அப்பத்தைக் குறித்து இயேசு சொன்ன 'இது என்னுடைய சரீரமாயிருக்கிறது' என்ற வசனத்தை லத்தீனில் மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதிவைத்த லுத்தர், அதைவிட்டு அசையவில்லை. 'மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது' என்ற யோவான் 6:63-ஐக் காட்டிய சுவிங்லி, 'இருக்கிறது' என்பதற்குக் 'குறிக்கிறது' என்பதே பொருள் என்றார். தமிழில் 'இது எனது உடல்' என்றாலே வாக்கியம் நிறைவடைந்துவிடும். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பும் அவ்வாறே சொல்கிறது. நாங்கள் வாசிக்கும் பழைய வேதாகமத்தில்தான், லுத்தர் விடாமல் பற்றிய அந்த 'இருக்கிறது' எழுத்திலேயே நிற்கிறது.

அப்பம் தன் இயல்பை இழக்கிறது என்பதை லுத்தர் ஏற்கவில்லை. ஆனால் அப்பத்தோடு கிறிஸ்துவின் மெய்யான சரீரமும் வழங்கப்படுகிறது என்பதே அவருடைய விசுவாசம். ஜெனீவா நகரச் சீர்திருத்தவாதி கால்வினும் திருவிருந்தை வெறும் அடையாளமாகக் கருதவில்லை. உண்பவர் தூய ஆவியின் வல்லமையால் விண்ணிலுள்ள கிறிஸ்துவோடு மெய்யாகவே இணைகிறார் என்று அவர் போதித்தார். கட்டுரை சொல்லும் கருத்து சுவிங்லியின் வழியைப் பின்பற்றுவோருக்கும், பாப்திஸ்து சபையார் பலருக்கும் பொருந்தும். அவர்களும் அதை மிகுந்த பயபக்தியோடு ஆசரிப்பதால், 'வெறும்' என்ற சொல் அவர்களுக்கும் நியாயம் செய்வதில்லை.

மார்பர்க்கில் விழுந்த பிளவு, 1973-இல் லாயன்பர்க் உடன்படிக்கையின் வழியாக ஐரோப்பிய லுத்தரன் சபைகளும், சுவிங்லி, கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைகளும் ஒரே பந்தியில் பங்குகொள்ள இசைந்தபோதுதான் பெருமளவு ஆறியது. இங்கோ, 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்கி, தங்கள் விளக்க வேறுபாடுகளோடே ஒரே திருவிருந்தில் பங்குபெற்று வருகின்றனர். இத்தனை மரபுகளையும் ஒரே வரியில் அடக்கிய அந்த வாக்கியத்தைத் திருத்தி வெளியிடுமாறும், அடுத்த பெரிய வியாழனன்று அது மீண்டும் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தரங்கம்பாடி