தனியார் மண்கரைகளுக்கும் ஆபத்து வகைப்பாடு வேண்டும்

ஆசிரியருக்கு,

இராமநாதபுரம் கடலோரத்தில் கண்மாய்களில் மட்டும் மண்கரை கட்டி நீர் தேக்கவில்லை. பட்டா நிலங்களில் தலைமுறை தாண்டிய பண்ணைக் குளங்களும் இறால் பண்ணைத் தேக்கங்களும் இருக்கின்றன. கண்மாய் உடைந்தால் கேட்க நீர்வளத் துறையோ ஊராட்சி ஒன்றியமோ உண்டு. பட்டாக் கரையை மழைக்கு முன் யார் பார்க்கிறார்கள்?

2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் தனியார் உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். ஆனால் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்து 500 மீட்டர் கரை நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற வரம்புகளில் ஒன்றை எட்டியவையும்தான் அதற்குள் வரும். மூன்று, நான்கு மீட்டர் உயரக் கரைகள் அந்த வரம்புக்குள் வருவதே இல்லை. 20 ஏக்கர் நீர்ப்பரப்பில் சராசரி ஒன்றரை மீட்டர் நின்றால் அதுவே 12 கோடி லிட்டர். கீழே கிழக்குக் கடற்கரைச் சாலை குறுக்கே கிடந்து, பாலத்தின் கண்கள் தூர்ந்திருந்தால், சாலையே இன்னொரு கரையாகி வெள்ளத்தைக் குடியிருப்புக்குள் நிறுத்திவிடும்.

'கரை உறுதியாக இருக்கிறது, ஆபத்து குறைவு' என்று சொல்வது தவறு. ஆபத்து வகை என்பது உடைந்தால் யார் உயிர் போகும், எது அழியும் என்பதைப் பொறுத்தது. கரையின் நிலை தனி மதிப்பீடு. அமெரிக்காவின் மிச்சிகனில் ஈடன்வில் என்ற தனியார் மண் அணை, 1920-களில் கட்டியது, 'உயர் ஆபத்து' வகையில் இருந்தது. வெள்ளப் போக்கியின் திறன் போதாது என்று 2018-ல் அதன் மின் உற்பத்தி உரிமம் ரத்தானது. அதே ஆண்டு மாநில ஆய்வு கரையின் நிலை பரவாயில்லை என்றது. 2020 மே 19 அன்று கரை மேல் நீர் வழியாமலேயே, ஊறிய தளர்மணல் இளகி, அணை சரிந்தது. சுமார் பத்தாயிரம் பேர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

நம் கடலோரத்தில் கூடுதல் சிக்கல், சோடியம் ஏறிய களிமண். காய்ந்தால் கல்லாக இருக்கும். மழைநீர் பட்டால் கரைந்தோடும். சோதிப்பது எளிது. கரை மண்ணில் சுண்டைக்காய் அளவுக் கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் மழைநீரில் அசைக்காமல் போட வேண்டும். பத்து நிமிடத்தில் சுற்றிலும் பால்போலக் கலங்கினால் அந்த மண்ணை நம்ப முடியாது. உவர்க் கிணற்று நீரில் இதைச் செய்தால் உப்பு களியைப் படிய வைத்து ஏமாற்றிவிடும்.

மற்றவை தெரிந்த கோளாறுகள்தாம். கரையைக் குடைந்து பதித்த மோட்டார் குழாயை ஒட்டி நீர் வழி தேடும். சீமைக்கருவேலத்தை மேலே வெட்டிவிட்டால் வேர் மக்கி உள்ளே குழாயாகும். கோடையில் வேரோடு தோண்டி, ஈர மண்ணை அரையடி அரையடியாகத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி நிரப்ப வேண்டும். கூடுதல் நீரைத் தேக்குவதற்காகக் கலுங்கில், அதாவது மிகை நீர் வழிந்தோடும் வாயில், மணல்மூட்டை அடுக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். வெள்ளம் கரை மேல் ஏறாமலிருக்க விட்ட இடைவெளி அதிலேயே போய்விடுகிறது.

வெளிச்சரிவின் அடியில் தெளிந்த கசிவு என்றால் தினமும் அளவு பார்க்கலாம். கலங்கி வந்தால் கரைக்குள் அரிப்பு தொடங்கிவிட்டது. அந்த வாயைக் களிமண்ணால் அடைத்தால் நீர் பக்கத்தில் பீறிடும். பருமணல், அதன் மேல் ஜல்லி, அதற்கும் மேல் கல் பரப்பினால் நீர் வெளியேறும், மண் தங்கும். கூடவே மடையைத் திறந்து, கீழே உள்ளவர்களை வெளியேற்ற வேண்டும்.

செப்டம்பருக்குள் வட்டாட்சியர்கள் ஒவ்வொரு பட்டாக் கரைக்கும் புல எண், உயரம், நீர்ப்பரப்பு, கலுங்கின் அகலம், கீழுள்ள வீடுகள் ஆகியவற்றைப் பதிவு செய்யட்டும். ஒரு வீடு இருந்தாலும் உயர் ஆபத்து வகை. அந்தக் கரைகளுக்கு மழைக்கு முன்னும் பின்னும் பொறியாளர் ஆய்வு, டிசம்பர் முடியும்வரை இரவுக் காவல். இரண்டும் உரிமையாளர் செலவில்.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்கள்,
இராமநாதபுரம்