சொந்தப் பகுதியில் கடைவளாகம் கட்ட வரும் முன்னாள் வீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வீரர்களே, வீராங்கனைகளே,

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும், சம்பாதித்ததில் ஒரு பங்கை நீங்கள் வளர்ந்த பகுதியிலேயே போட்டு நாலு கடைகள் வர வழி செய்ய நினைக்கிறீர்கள். வங்கி எட்டிப் பார்க்காத, பெரிய நிறுவனங்கள் கிளை திறக்கத் தயங்குகிற பகுதி அது. வாழ்த்துச் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கப்போகிறது, வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்க மட்டும் ஆள் இருக்காது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு எல்லோரும் காட்டும் முன்னோடி, அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன். 1992 கலவரத்தில் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸின் கடைத்தெருக்கள் தீக்கிரையாயின. 1995இல் அங்கே கிரென்ஷா வணிக வளாகத்தில் தன் பெயரிலேயே திரையரங்கம் திறந்தார். படம் பார்க்க வருகிறவர்கள் இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்வார்கள், அதனால் ஹாட் டாக் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, கூட்டாளிகளுக்குத் தெரியவில்லை. இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1998இல் காபிக் கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸோடு சரிபாதிக் கூட்டு வைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளை இப்படிப்பட்ட பகுதிகளில் திறந்தார். அங்கெல்லாம் வாங்குகிற ஆள் இல்லை என்று சொல்லி வந்தவர்களுக்கு அதைவிடச் சரியான பதில் கிடையாது. அந்தப் பெருமையில் ஒரு துளியைக்கூட நான் குறைக்க மாட்டேன்.

ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2010இல் அவருடைய பங்கு ஸ்டார்பக்ஸிடமே திரும்பிப் போனது. அந்தத் திரையரங்கமும் அவர் கையில் நிலைக்கவில்லை. கிரென்ஷா வளாகமே விலைக்கு வந்தபோது, பகுதி மக்கள் ஒன்று சேர்ந்து தாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று முன்வந்தார்கள். பணம் திரட்டினார்கள், போராடினார்கள். 2021இல் அது ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கே வியாபாரம் நடக்கும் என்று ஒருவர் நிரூபித்துக் காட்டி இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பிறகும், மண் அங்கே வாழ்கிறவர்களுடையதாகவில்லை. எனக்கு இது பெரிய வலி. உங்களுடைய வளாகத்தில் இது நடக்கக் கூடாது.

கடன் கேட்கும்போது கணக்கு எங்கே இடிக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் ஏழைப் பகுதி என்று யாரும் விலை குறைப்பதில்லை. ஆனால் கட்டி முடித்த கட்டடத்துக்கு மதிப்புப் போடுகிறவர், அக்கம்பக்கத்து வாடகையைப் பார்த்துத்தான் போடுவார். எனவே கட்டிய செலவைவிட மதிப்பு குறைவாக வரும். வங்கி மதிப்பைப் பார்த்தே கடன் தரும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஒரு வரிச்சலுகை கொண்டுவந்தார்கள்: முதலீட்டாளர் போட்ட தொகையில் 39 சதவீதத்தை ஏழு ஆண்டுகளில் வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்படி ஒன்று இல்லாத இடத்தில் வங்கியின் பார்வை உங்கள் சேமிப்பின் மேல் விழும். சொந்த ஜாமீன் கேட்பார்கள். உங்கள் பெயருக்கு இருக்கும் மதிப்பைச் சொல்லியே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வரம்பு இல்லாமல் போடாதீர்கள். அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் பல கோடி டாலர் சம்பாதித்த டெரிக் கோல்மன், டெட்ராய்ட்டில் தன் மக்களுக்காக வணிக வளாகம் கட்டினார். 2010இல் திவால் மனு கொடுக்க வேண்டி வந்தது. நிலச் சந்தை சரிந்து கிடந்த காலம் அது. நல்ல மனசுக்கு வட்டியில் தள்ளுபடி கிடையாது.

இனி வாடகை ஒப்பந்தம். வழக்கமான வணிக ஒப்பந்தங்களில் வாடகையோடு சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றையும் கடைக்காரர் தலையிலேயே கட்டிவிடுவார்கள். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நீங்கள் வந்ததால் அந்தத் தெருவின் மதிப்பு ஏறுகிறது. மதிப்பு ஏறினால் வரி ஏறுகிறது. அந்த வரியை யார் கட்டுவது? இத்தனை ஆண்டுகள் அந்தத் தெருவைக் காலி செய்யாமல் காத்திருந்த சலூன்காரர். உங்கள் வெற்றியே அவரை வெளியேற்றும். வரி உயர்வில் அவர் பங்குக்கு உச்சவரம்பு எழுதுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை அவரிடம் இருக்கட்டும். கட்டடம் விற்பனைக்கு வந்தால் முதலில் கடைக்காரர்களைக் கேட்க வேண்டும் என்று சேருங்கள்.

கடையை வெறும் சுவரும் தரையுமாக ஒப்படைப்பதும் வழக்கம்தான். சிறிய உணவகம் நடத்துகிறவர் புகைபோக்கி, கழிவுநீர்க் குழாய், கழிவுநீரில் வரும் எண்ணெய்க் கொழுப்பைத் தடுக்கும் தொட்டி, மின் இணைப்பு எல்லாம் சொந்தச் செலவில் போட வேண்டும். முதல் தோசையோ ரொட்டியோ விற்கும் முன்னே கைமுதல் கரைந்துவிடும். கட்டும்போதே அவற்றை நீங்கள் போட்டால் ஆகும் செலவு குறைவு. ஓர் இடத்தைப் பெரிய நிறுவனத்துக்குக் கொடுங்கள், வங்கிக்கு அது தேவைப்படும். எல்லா இடத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

பகுதி மக்களுக்குக் கட்டடத்தில் பங்கு கொடுப்பது கனவு என்று உங்கள் ஆலோசகர்கள் சொன்னால், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருக்கும் பிளாசா 122 பற்றிச் சொல்லுங்கள். பழைய வணிகக் கட்டடம் ஒன்றில், 2017 முதல் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் மாதம் 10 முதல் 100 டாலர் வரை போட்டுப் பங்குதாரர் ஆகிறார்கள். போட்ட பணம் நஷ்டமாகாமலிருக்க ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அங்கே பங்கு உண்டு. உங்கள் புகழோடு இப்படி ஓர் ஏற்பாடு சேர்ந்தால் பணம் போட வருகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

உங்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அதன் வரைவை அந்தத் தெருவில் ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களிடம், அவர்களுக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். ஒரு வாரம் அவர்கள் கையில் இருக்கட்டும். பிறகு கடை சாத்திய நேரத்தில் அவர்களைக் கூட்டி, உங்கள் வழக்கறிஞரையும் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தப் பிரிவு தங்களைத் துரத்தும் என்று அவர்களையே கேளுங்கள். அவர்கள் காட்டும் பிரிவுகளை அங்கேயே திருத்துங்கள்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் ஆட்டத்தை ரசித்த ஒருவர்