வினாடி வினா மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் 12-இல் 10 நடந்தன. இரண்டு மழையால் நின்றன. பள்ளி மாணவர்களுக்கான போட்டி வழக்கம்போல் ஜனவரியில் நடந்தது.

இவ்வாண்டின் பெரும்பகுதி வினா வங்கியைச் சரிபார்ப்பதில் போயிற்று. 'இருக்கிற வினாக்களை ஏன் கலைக்க வேண்டும்?' என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. அதற்குப் பதில் இங்கே பதிவாக வேண்டும்.

நம் வினா அட்டைகளில் பல, எழுதிய அன்று சரியாக இருந்து இன்று தவறானவை. யூனியன் பிரதேசங்கள் ஏழு என்றது ஓர் அட்டை. ஜம்மு காஷ்மீர் பிரிக்கப்பட்டதும் 2019 அக்டோபர் 31-இல் அவை ஒன்பதாயின. தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் இணைந்து 2020 ஜனவரி 26-இல் எட்டாயின. மூன்றே மாதத்தில் விடை இருமுறை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டு மாவட்டங்கள் 32 என்றே இருந்தது, மயிலாடுதுறையோடு 38. சனிக் கோளுக்கு 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலாக்கள் கூடி 274 ஆயின. எண்ணிக்கை கேட்கும் அட்டை ஒவ்வொன்றிலும் இப்போது சரிபார்த்த மாதம் எழுதப்பட்டுள்ளது. ஓராண்டு கடந்தால் மறுபடி பார்க்காமல் அதைக் கேட்கக் கூடாது.

விடை சரியாக இருந்து வினா தளர்வாக இருப்பது இதைவிடத் தொல்லை. 'பாரத ரத்னா முதலில் பெற்றவர் யார்?' என்றால் 1954-இல் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் மூவரும் பெற்றார்கள். 'அச்சேறிய முதல் தமிழ் நூல் எது?' என்றால் 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சானதையும் சொல்லலாம், 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தையும் சொல்லலாம். 'தமிழ் எழுத்தில்' என்று இரண்டு சொல் சேர்த்தால் தகராறு இல்லை. அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இத்தனை மாத உழைப்பு.

ஜனவரிப் போட்டியின் இறுதிச் சுற்றில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆன நாள் கேட்கப்பட்டது. ஓர் அணி 1967 ஜூலை 18 என்றது. அது சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறிய நாள். அட்டையில் 1969 ஜனவரி 14, பெயர் நடைமுறைக்கு வந்த நாள். வினாவில் 'நடைமுறைக்கு வந்த' என்பது இல்லை. படித்துவிட்டு வந்த பிள்ளைகள் நம் கவனக்குறைவால் 10 மதிப்பெண் இழந்தார்கள். அந்த வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துத் தர ஒப்புக்கொண்ட ஐவரில் வந்தவர்கள் இருவர்.

'இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி' என்ற அட்டை அடியோடு நீக்கப்பட்டது. எந்த விளையாட்டும் அப்படி அறிவிக்கப்படவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசே 2012-இல் பதில் தந்துவிட்டது.

பவுன்ஸ் (bounce) முறையும், அதாவது ஓர் அணிக்கு விடை தெரியாத வினா அடுத்த அணிக்குப் போகும் முறையும், மாற்றப்பட்டது. விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிடமிருந்தே அடுத்த வினா தொடங்கும். எந்த இருக்கையில் அமர்ந்தாலும் நட்டமில்லை. எழுதித் தரும் 'pounce' விடைக்கு, அதாவது முறை வருமுன் துணிந்து தரும் சீட்டுக்கு, சரியென்றால் 10, தவறென்றால் கழித்தல் 5. ஆறு அணிகளிடம் 20 விநாடியில் சீட்டு வாங்க இரண்டு பேராவது வேண்டும். இம்முறை ஒருவரே ஓடி ஓடி வாங்கியதால், கடைசி அணிக்கு யோசிக்கக் கூடுதல் நேரம் கிடைத்துவிட்டது. பெயர் கொடுத்த தொண்டர்கள் வந்திருந்தால் இந்தக் குறை நேர்ந்திருக்காது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவில் பெரும்பங்கு நுழைவுக் கட்டணம். அரங்க வாடகை, கோப்பைகள், நகல் எடுத்தது போகக் கையிருப்பு சொற்பம். 46 உறுப்பினர்களில் 19 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது, சிலருடையது இரண்டாண்டாக. இந்தக் கூட்டமே கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேராமல் அரை மணி தாமதமாகத் தொடங்கியதை அனைவரும் பார்த்தீர்கள்.

அரங்கம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், நடுவர்களுக்கும், தேநீர் வழங்கியவர்களுக்கும் நன்றி.

பார்க்க வேண்டிய அட்டைகள் இன்னும் பாதிக்கு மேல் உள்ளன. உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 20 அட்டை போதும். ஒரே ஆள் செய்தால் அடுத்த ஜனவரிக்குள் முடியாது. இப்பொறுப்பில் தொடர்வதா என்பதை எத்தனை பேர் கட்டு வாங்கிச் செல்கிறார்கள் என்று பார்த்தே செயற்குழுவிடம் சொல்வேன். துறைவாரியாகக் கட்டிய அட்டைகள் மேடைக்கு இடப்புற மேசையில் உள்ளன. ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளரும் அங்கேயே இருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்