மூலச்செல்லும் மூலமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வார நலவாழ்வு இணைப்பில் "பெருங்குடல் புற்றுநோய் திரும்ப வருமா? மூலச்செல் பரிசோதனை ஒன்றே சொல்லிவிடும்!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். மூலச்செல் என்று நீங்கள் சொல்வது ஸ்டெம் செல், கட்டியின் மற்ற செல்களுக்கு விதை போன்றது. அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு மறுநாள் விடிந்ததும் என் அக்கா மகன் வந்து நின்றான், எவ்வளவு செலவானாலும் அம்மாவுக்கு எடுத்துவிடலாம் மாமா என்று. அக்காவோ, "மூலம் இல்லைன்னு போன வருஷமே சொல்லிட்டாங்களே, மறுபடி எதுக்குடா?" என்கிறாள். இரண்டு பேருக்கும் விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிப்போனது.

நான் நோயியல் ஆய்வுக்கூடத்தில் 31 வருடம், திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியை ஸ்லைடுக்காகச் சீவியவன். மூலச்செல்லுக்கு அடையாளமாகத் தேடும் சிடி133, சிடி44 என்ற செல் மேற்பரப்புப் புரதங்கள் எல்லாம் தாங்கள் அறியாததல்ல. சிடி133 உள்ள செல்கள்தான் பெருங்குடல் கட்டியை முளைக்க வைக்கின்றன என்று 2007இல் ரோமிலும் டொராண்டோவிலும் இருந்த இரண்டு குழுக்கள் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதின, சரி. அது இல்லாத செல்களும் எலியில் கட்டி வளர்க்கின்றன என்று அடுத்த வருடமே இன்னொரு குழு காட்டிவிட்டதே, அதற்கு மட்டும் உங்கள் பக்கத்தில் இடமில்லையா? அந்தப் புரதம் சாயமேற்றிய ஸ்லைடில் பழுப்பாகத் தெரிவதைப் பார்த்துத்தான் கணக்கு. ஒரே ஸ்லைடுக்கு ஒரு டாக்டர் 10 சதவீதம் என்பார், பக்கத்து மேஜைக்காரர் 30 என்பார், இரண்டையும் நானே குறித்திருக்கிறேன். எவ்வளவு இருந்தால் 'அதிகம்' என்பதும் ஆய்வுக்கு ஆய்வு வேறு, அதனால் ஒருவர் ஆயுள் குறையும் என்கிறார், இன்னொருவர் சம்பந்தமே இல்லை என்கிறார்.

அக்காவுக்குக் கீமோ என்று முடிவானது நிணநீர் முடிச்சைப் பார்த்துத்தான். குறைந்தது 12 பார்க்க வேண்டும், 14 பார்த்தார்கள், இரண்டில் புற்று பரவியிருந்தது. ஆனால் இதையெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டால் யார் வாங்குவார்கள், இல்லையா?

அப்புறம், அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் "ஆபரேஷன் இன்றி மூலம் குணம்" விளம்பரம். வருடக்கணக்காக வருகிறது. மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நம்பி எட்டு மாதம் லேகியம் தின்றவள் என் அக்கா, வாங்கிக் கொடுத்த புத்திசாலி நான். 31 வருடம் அந்தக் கட்டியையே சீவியும் சொந்த வீட்டில் தோன்றவில்லை. அந்த விளம்பரம் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களும் தங்கள் குப்பைக் கூடையில் நலமாக இருக்கும் என நம்புகிறேன். மோர்க்குழம்புக் குறிப்பில் உப்பு அளவு தப்பியதற்கு மட்டும் கட்டம் கட்டி வருத்தம் தெரிவித்தீர்கள்.

கேட்பது பெரிதில்லை. 'ஒன்றே சொல்லிவிடும்' என்பதற்கு இரண்டு வரித் திருத்தம். இனிமேல் மூலச்செல் வேண்டாம், முன்பு போட்டது போலக் குருத்தணு என்றே போடுங்கள். அக்காவுக்கு நான் இன்னும் விளக்கி முடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர்,
கும்பகோணம்.