முன்பணம் கட்டுவதற்கு முன்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஞாயிறு மாலை

அன்புள்ள மங்களம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே முழங்கால் வலியைத் தவிரக் குறை ஒன்றுமில்லை. கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது. நீ பக்கத்தில் இருந்தால் ஒரு கட்டுக் கொடுத்தனுப்புவேன்.

உன் மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு முன்னால் போட்டோ ஷூட், செலவு உன்னுடையது என்று எழுதியிருந்தாய். எடுக்கட்டும். அந்த வயிறும் முகத்தில் வரும் அந்தக் களையும் பிறகு கிடைக்காது. ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன் இதை அவளுக்குப் படித்துக் காட்டு. என் இளைய மருமகளுக்கு நடந்ததை இதுவரை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்றாள். இப்போது அவளே, "எழுதுங்கள் அத்தை" என்கிறாள்.

அவளையும் ஏழாம் மாதத்தில்தான் எடுத்தார்கள், வீட்டு வாசலிலும் உள் அறையிலுமாக. படங்கள் அழகாகவே வந்தன. பேரன் பிறந்து பதினோராம் நாள் அவளோடு வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள். ஸ்டுடியோவின் ஃபேஸ்புக் விளம்பரத்தில் இவள் படம். புடவையை ஒதுக்கி வயிறு தெரிய நிற்கிறாளே, புருஷனுக்கும் தனக்கும் மட்டும் என்று எடுத்துக்கொண்ட படம், அதுதான். கீழே முன்பின் தெரியாத ஆண்கள் எழுதியிருந்ததை உனக்கு எழுதக் கை வரவில்லை. இன்னொரு படத்தில் கேட்டில் வீட்டு எண் பளிச்சென்று தெரிந்தது. பச்சை உடம்புக்காரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, மங்களம். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் அழுதாள்.

கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார் அந்தப் போட்டோகிராபர். போட்டிருக்கிறாள். படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கு, விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

பெரியவன் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. நம் தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவரைப் படம் எடுக்கச் சொன்னால் அதன் உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். பல நாடுகளில் எடுத்தவருக்குப் போகும். இங்கே ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் அது கைமாறும். நம்முடையதாக இருந்ததை நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்! உனக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பேசி ஏற்பாடு செய்து பணம் கட்டுவது நீ என்றால் உரிமையும் உனக்கு வரும், படத்தில் இருக்கிறவளுக்கு வராது. பணத்தை அவள் கையில் கொடு. அவள் பெயரிலேயே ஒப்பந்தம் இருக்கட்டும்.

நாங்கள் பிறகு 'போப்பியா'வைத்தான் பிடித்துக்கொண்டோம். 2021 ஜூலை முதல் கறாராக அமலுக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று அதில் இருக்கிறது. அதைச் சொல்லி மருமகள் ஒரு கடிதம் எழுதினாள். நாலு நாளில் படங்களை எடுத்துவிட்டார்கள். அதற்குள் யார் யார் போனுக்குப் போயிற்றோ, அது போனதுதான்.

அதனால் முதலிலேயே பேசச் சொல். விளம்பரத்துக்குத் தரமாட்டோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்கட்டும். அதற்காகச் சில நூறு ராண்ட் கூடக் கேட்டால் கொடுத்துவிடு, கணக்குப் பார்க்காதே. படங்களை டச்சப் செய்ய வெளியாளிடம் அனுப்புவார்களா, ஒரிஜினலை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், அனுப்பும் லிங்குக்கு பாஸ்வேர்ட் உண்டா என்றும் கேட்கட்டும். கேமராவைவிட எனக்குப் பயம் உதவிக்கு வரும் பையனின் போன்தான். ரீல் போட வேண்டுமென்று அவன் பாட்டுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருப்பான். போனில் எடுத்த படத்துக்குள் எந்த இடத்தில் எடுத்தது என்பதும் பதிந்திருக்கலாம். அவன் போன் பைக்குள் இருக்கட்டும் என்று நீயே சொல்லிவிடு. உடை மாற்றும் அறை வாசலில் நீ நாற்காலி போட்டு உட்கார். வெளியே எடுக்கிற படங்களை உங்கள் ஜோகன்னஸ்பர்க் எமரென்ஷியா பூங்காவில் எடுத்தால் போதும், வீட்டு வாசல் வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று உன் மகள் தயங்குவாள். என் மருமகளும் அப்படித்தான் தயங்கினாள். காந்தி காலத்தில் டிரான்ஸ்வாலில் விரல் ரேகை கொடுக்கமாட்டோம் என்று நம் ஜனங்கள் ஜெயிலுக்குப் போனதையும், 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வளாகத்தில் பதிவுச் சான்றிதழ்களைக் கொளுத்தியதையும் நீயும் நானும் ஞாயிறு வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தோம்! அந்த வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவள்தானே உன் மகள். ஞாபகப்படுத்து.

பேரன் படம் ஒன்றை அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் பூஜை அலமாரியில் வைத்துக்கொள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதே. வளைகாப்புக்குக் கட்டாயம் வருகிறேன். கண்ணாடி வளையல் கிரே ஸ்ட்ரீட்டில் வாங்கி வருகிறேன். இந்த மாதத்தில் கை வீங்கியிருக்கும், பழைய அளவு சரிப்படாது. அளந்து எழுது.

உன்
சரோஜா