மயில் வளைவின் கீழ்

சிரஞ்சீவி தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிராங்கூன் சாலையின் குறுக்கே நிற்கும் தீபாவளி விளக்கு வளைவுகள் எல்லாம் ஒரே வண்ணச் சாயலில் இருப்பதால், அத்தனை கடைகள் உள்ள தெருவும் ஒரே வீட்டின் கல்யாணக் கூடம் போலத் தோன்றுகிறது. நம் கும்பகோணத்துக் கடைத்தெருவில் அப்படியா? அடுத்த கடையை அமுக்கவேண்டும் என்றே ஒவ்வொருவரும் 6500 கெல்வின் வெள்ளை ஃபோகஸ் விளக்கை வாசலில் மாட்டுகிறார்கள். சிவப்புக் குறைந்த அந்த மலிவு எல்.இ.டி. வெளிச்சத்தில் அரக்குப் பட்டு பழுப்பாகத் தெரிவதால், வாங்க வந்தவர்கள் பகலிலேயே புடவையை வாசலுக்குத் தூக்கிவந்து விரித்துப் பார்க்கிறார்கள்.

3000 கெல்வின் மஞ்சள் விளக்கு மாட்டலாம் என்று நீ நான்கு வருடம் சொன்னாய். படித்த திமிர் என்றேன். இந்தத் தீபாவளிக்குப் பாத்திரக்கடை வரிசையில் அதைத்தான் மாட்டினேன். சரத்துக்குச் சரம் நான்கு முழம் இருட்டு விட்டேன். உள்ளே அடுக்கியிருந்த நாச்சியார்கோயில் குத்துவிளக்குகள் தெருவிலிருந்தே மின்னின. வண்டியில் விரைந்தவர்கள்கூடக் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். கடைக்காரர் ‘யார் யோசனை?’ என்று கேட்டார். என் யோசனை என்று சொல்லிவிட்டேன்.

தேக்கா வேலை முடிந்ததும் ஆர்ச்சர்ட் சாலையில் கிறிஸ்துமஸ் விளக்கு என்றாய். 1984 முதல் நடப்பதாமே. நான் சீரியல் செட் வாடகைக்கு விடத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். அப்போது 230 வோல்ட்டை நாற்பது பல்புகள் பங்கு போட்டுக்கொள்ளும்; ஒன்று போனால் சரமே அணைந்துவிடும். இப்போது உன் தெருவில் ஒரு விளக்கு அணைந்தால் யாருக்கும் தெரியாது. மேலே ஏறும்போது இடுப்பு வாரை மாட்டிக்கொள். அங்கும் இந்த மாதங்களில் மாலையில் இடியும் மழையும் உண்டு, ஈரத்தில் ஏறாதே. மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் ஏறாதே, வாரை மாட்டிக்கொள்.

அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை என்பதும் தெரியும். அந்த ஐப்பசி அடைமழை இரவில், மடத்துத் தெரு முக்கில் உன்னை ஏணியிலிருந்து தூக்கியெறிந்தது உன் கவனக்குறைவு என்றுதான் இன்றுவரை அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை நான் மாட்டவில்லை. விலை அதிகம் என்று தள்ளிப்போட்டேன். ஒட்டுப்போட்ட வயரில் டேப் சுற்றியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உன்னை ஏறச் சொன்னவன் நான். வலியில் நீ கிடந்தபோது அம்மா முன்னால் உன்னையே திட்டினேன். நீ மறுத்துப் பேசவில்லை. நேற்று இரவு அம்மாவிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயில் வளைவின் கீழ் நிற்கும் படத்தில் உன் வலது கை மட்டும்தான் தெரிகிறது. மேலிருந்து விழும் ஒளி என்பதால் இடப்பக்கம் நிழலாகியிருக்கலாம். மற்ற இரண்டு படங்களிலும் அப்படியே இருக்கிறது. பக்கம் பக்கமாகத் தட்டி அனுப்புகிறவன் இந்த மாதம் முழுவதும் குரலாகவே அனுப்புகிறாய். வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த படத்தை வளைவின் கீழ் எடுக்க வேண்டாம். பூக்கடை வாசலில், வெளிச்சம் நேராக விழும் இடத்தில் நின்று, மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எடுத்து அனுப்பு.

அப்பா